இரண்டு வலையமைப்புகளில் ஒரு கணினி: சிஸ்டம்டி-ரிசால்வ்டு மதிப்பீடு

அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் பாளையங்கோட்டைக் கணக்கு அலுவலகங்களிலும், ஒரே கணினியில் கேபிள் வழியே உள் சர்வரும் வைஃபை வழியே இணையமும் சேர்ந்திருப்பதைக் காணலாம். அத்தகைய உபுண்டு கணினிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில், பெயர்களுக்குரிய ஐபி முகவரியைத் தேடித்தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற கட்டற்ற மென்பொருளை இந்த ஒரு பயன்பாட்டுக்காக மட்டும் மதிப்பிடுகிறேன்.

பழைய முறையில் ரிசால்வ்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில், பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களை வரிசையாக எழுதுவோம். மூன்றுக்கு மேல் எழுதினாலும் படிக்கப்படாது. ஒன்றில் கிடைக்காத பெயர் அடுத்ததில் கிடைத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியன்று. முதல் சர்வர் ‘அப்படியொரு பெயரே இல்லை’ என்று பதில் தந்துவிட்டால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்; அது மௌனமாக இருந்தாலோ பிழை தெரிவித்தாலோதான் அடுத்ததிடம் கேட்கப்படும், மௌனமாக இருந்தால் இயல்பமைப்பில் 5 விநாடி காத்திருந்த பிறகே. ஆகவே பொது சர்வர் முதலில் இருந்தால் ஆலையின் கணக்கு சர்வர் அகப்படாது. வெளிப் பெயர்களுக்கு ‘இல்லை’ என்றே பதில் தரும் உள் சர்வர் முதலில் இருந்தால் ஜிஎஸ்டி தளம் திறக்காது. வரிசையை எப்படி மாற்றினாலும் ஒரு பக்கம் அடைபடும்.

ரிசால்வ்டு வரிசையை நம்பாமல், எந்தப் பெயரை எந்த இணைப்பில் கேட்பது என்று பிரித்துக்கொள்கிறது. இதுவே அதன் பெருஞ்சிறப்பு. கேபிள் இணைப்புக்கு ‘~ஆலை.இன்டர்னல்’ என்று டொமைன் (பெயர்களின் பொதுவான பின்பகுதி) கொடுத்தால், அதில் முடியும் பெயர்கள் அந்த இணைப்பின் சர்வரிடம் மட்டுமே போகும். முன்னால் நிற்கும் டில்டே குறியை விட்டுவிட்டால் அந்தச் சொல் சுருக்கப் பெயர்களின் பின்னால் ஒட்டும் தேடல் டொமைனாகவும் ஆகிவிடும். அதோடு பொதுப் பெயர்களும் உள் சர்வரிடம் கேட்கப்படக்கூடும். இன்டர்னல் என்ற முடிவை உள் பயன்பாட்டுக்கென இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2024-இல் ஒதுக்கிவிட்டதால், வெளியுலகப் பெயரோடு மோதும் என்ற அச்சமும் இல்லை.

‘ரிசால்வ்சிடிஎல் குவெரி’ என்ற கட்டளை, விடை எந்த இணைப்பிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. பழுது பார்ப்பவருக்கு இதைவிட உதவியான வேறொன்றை நான் இம்மென்பொருளில் காணவில்லை.

குறைகளும் உண்டு. ரிசால்வ்சிடிஎல் வழியே செய்யும் மாற்றங்கள் இணைப்பு அறுந்து மீண்டால் நிலைப்பதில்லை என்பதால், அவற்றை இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் மென்பொருளிலேயே எழுதிவைக்க வேண்டும். அங்கேயே கேபிள் இணைப்பை அதன் சொந்த வலையமைப்புக்கு மட்டும் பயன்படுத்தும்படியும் குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் பெயர் சரியாகக் கிடைத்தும், இணையத்துக்குரிய போக்குவரத்து கேபிளில் போய் முட்டி நிற்கும். உள் டொமைனுக்கு லோக்கல் என்று முடியும் பெயர் வைத்திருக்கும் அலுவலகங்கள், அந்த முடிவு, டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே ஒரே வலையமைப்பில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் எம்டிஎன்எஸ் முறைக்கு ஒதுக்கப்பட்டது என்பதால், இதை அமைக்கும் முன்பே அப்பெயரை மாற்றிக்கொள்வது நல்லது.