செஸ்னாவா, மின்சார விமானமா: சீனக்குடாவில் பறக்கப் பழக எது?

திருகோணமலையில் விமானம் என்றால் சீனக்குடா ஓடுபாதைதான். அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி வாங்குவதானால் எது நல்லது: பெற்றோலில் ஓடும் அமெரிக்க விமானமான செஸ்னா 172 ஆ, ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் கட்டும் மின்சார விமானமான வெலிஸ் எலெக்ட்ரோவா?

செஸ்னாவின் உற்பத்தி 1956இல் தொடங்கியது. இழப்பீட்டு வழக்குகளின் சுமையால் 1986இல் நின்று, அத்தகைய வழக்குகளுக்கு வரம்பிட்ட 1994ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்குப் பிறகு மீண்டும் தொடங்கியது. இதுவரை 44,000க்கு மேல் கட்டியாகிவிட்டது. அதன் கோளாறுகள் எல்லாம் மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. ஆனால் குடிப்பது ஈயம் கலந்த விமானப் பெற்றோல், மணிக்கு 30 லீற்றர் அளவில். காலையில் இறக்கைக்கு அடியில் வால்வைத் திறந்து, நீல நிற எரிபொருளைச் சிறு குவளையில் பிடித்து, அடியில் நீர்த்துளி நிற்கிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினைத் தொடலாம். ஈரக்காற்று வீசும் கரையில் அதில் சோம்பல் கூடாது.

வெலிஸுக்கு அந்த வேலையே இல்லை. 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் வகைச் சான்று (ஒரு விமான மாதிரி பாதுகாப்பானது என்ற அங்கீகாரம்) பெற்ற முதல் மின்சார விமானம் அது. இரண்டு பற்றரிகள், ஒன்று பழுதானாலும் மற்றது மோட்டாரை ஓட்டும். சத்தமும் குறைவு. சரி, எவ்வளவு நேரம்? 50 நிமிடம் போல, அப்புறம் கொஞ்சம் கையிருப்பு. சுற்றிவந்து இறங்கப் பழக அது போதும், கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையத்துக்குப் போக முடியாது.

வேடிக்கை என்னவென்றால், செஸ்னாவின் தாய் நிறுவனமான டெக்ஸ்ட்ரான் 2022இல் பிபிஸ்ட்ரெலையும் வாங்கிவிட்டது.

ஒன்றுதான் வாங்கலாம் என்றால் என் தெரிவு செஸ்னா. இரண்டாவதுக்குக் காசிருந்தால் வெலிஸ்; பற்றரி மாற்றும் செலவை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.