மகளுக்கு முதல் லென்ஸ்: கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம்

ஒன்பது வயது மகளுக்குப் புகைப்படக் கலையின் அடிப்படைகளைச் சொல்லித்தர, 2015இல் வெளிவந்த இந்த லென்ஸையே தேர்ந்தெடுத்தேன். சுமார் 160 கிராம் எடைதான் என்பதால் சிறு கைகளுக்குப் பாரமில்லை. ஜூம் இல்லாததையே இதன் தலைசிறந்த குணமாகக் கருதுகிறேன். உருவம் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அவளே நடந்து அருகில் செல்ல வேண்டும். வாசலில் பூத்த செம்பருத்தியை, லென்ஸின் துளை அளவைக் குறிக்கும் எஃப் எண்ணை 1.8இலும் பிறகு 11இலும் வைத்து எடுக்கச் சொன்னபோது, முதல் படத்தில் பின்சுவர் மங்கிக் கரைந்ததையும் அடுத்ததில் அச்சுவரின் விரிசல்கள்கூடத் துலங்கியதையும் ஒப்பிட்டு, எஃப் எண் கூடக்கூடத் தெளிவின் ஆழமும், அதாவது முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரமும், கூடுகிறது என்பதை அவளே கண்டுகொண்டாள். அந்த மகிழ்ச்சிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரிலிருந்து 35 செ.மீ.க்குள் உள்ள பொருளுக்கு ஃபோகஸ் கிடைக்காது. அதிர்வுத் தடுப்பு வசதியும் இல்லாததால், மாலை வெளிச்சத்தில் கை நடுக்கத்தால் படம் கலங்காதிருக்க ஷட்டர் வேகம் 1/125 நொடியைவிட மெதுவாகாமல் பார்த்துக்கொள்ளப் பழக்கியிருக்கிறேன்.