220-இலிருந்து வயதைக் கழிப்பதா, மூச்சைக் கேட்பதா?

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் விடியற்காலையில் ஓடுபவர்கள் பலரின் கையில் இப்போது ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. "இரண்டாம் வலயத்தில்தான் ஓடுறன்" என்பார்கள். இதயத் துடிப்பை வைத்துப் பிரிக்கும் படிகளில், இலகுவாக ஓடும் படி அது. அந்த வலயத்தை எந்தக் கணக்கில் பிரித்தது என்று கேட்டால், வாட்ச் சொல்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கணக்கு மாறினால் ஒரே ஆளுக்கே இருபது துடிப்பளவு வித்தியாசம் வரும்.

முதலில் வேண்டியது உச்சத் துடிப்பு, அதாவது ஒரு நிமிடத்தில் இதயம் ஆகக் கூடியது எத்தனை தரம் துடிக்கும் என்பது. அதற்கு எல்லாருக்கும் தெரிந்த கணக்கு 220-இலிருந்து வயதைக் கழிப்பது. அதற்குப் போட்டியாக 2001-இல் டனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட கணக்கு: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்க வேண்டும். நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே வரும். அறுபதில் பழையது 160, புதியது 166. வயது கூடியவர்களுக்குப் புதியதே நல்லது. மற்றபடி இதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை, இரண்டும் சராசரிதான். ஒரே வயதுள்ள இருவரின் உச்சத் துடிப்பு அதைவிடப் பத்துக்கு மேல் கூடியோ குறைந்தோ இருப்பது சாதாரணம்.

உண்மையான வித்தியாசம் சதவீதத்தை எதிலிருந்து எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. 45 வயதுக்காரர் ஒருவர். உச்சம் 176, ஓய்வுத் துடிப்பு 60 என்று வைப்போம். இரண்டாம் வலயம் என்பது உச்சத்தில் 60 முதல் 70 சதவீதம் என்றால் 106 முதல் 123. கார்வோனென் என்ற ஆய்வாளர் 1957-இல் சொன்ன முறை வேறு. உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் 116. அதில் 60 முதல் 70 சதவீதத்தை எடுத்து, திரும்ப 60-ஐக் கூட்டினால் 130 முதல் 141. முதல் கணக்கை நம்பினால், மெதுவாக ஓடத் தொடங்கியதுமே வாட்ச் கத்தும். பலருக்கு 106 என்பது விறுவிறுவென்று நடந்தாலே வந்துவிடும். ஓடுகிறவர்களுக்கு நான் கார்வோனென் பக்கம். கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும்ப முன்பே, நாடியை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் ஓய்வுத் துடிப்பு கிடைத்துவிடும். தேத்தண்ணி பிறகு.

ஆனாலும் மட்டக்களப்பு வெயிலில் எந்தச் சூத்திரமும் முழுதாகத் தாக்குப்பிடிக்காது. சூட்டைத் தணிக்க இரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, வியர்வையில் உடல்நீர் குறைகிறது, ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தமும் குறைகிறது. அதை ஈடுகட்ட, வேகம் கூடாமலே துடிப்பு ஏறும். வாவிக்கரையின் ஈரப்பதத்தில் வியர்வை காயாது, உடல் ஆறாது. கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் நேர்மாறு: வியர்வை உடனே காய்வதால் எவ்வளவு இழந்தோம் என்றே தெரியாது. போதாததற்கு, தார் ரோட்டில் 135 காட்டும் வேகத்தைக் கடல் மணலில் ஓடிப் பாருங்கள்.

இங்கேதான் காசில்லாத முறை முந்துகிறது. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிந்தால் இலகுவான வலயம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால் அதைத் தாண்டிவிட்டீர்கள். துடிப்பு 150 காட்டினாலும் கதை தடைப்படாவிட்டால், கணக்கில் போட்ட உச்சம் உங்களுக்குக் குறைவாக இருக்கலாம். 130-இலேயே மூச்சு வாங்கினால் நம்பரைப் பார்க்காமல் வேகத்தைக் குறையுங்கள்.

நெஞ்சுப் பட்டியா, வாட்சா? பட்டி இதயத்தின் மின்சமிக்ஞையைப் பிடிக்கிறது. வாட்ச் தோலுக்குள் ஒளி பாய்ச்சி இரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. சீரான ஓட்டத்துக்கு வாட்ச் போதும், வாரை இறுக்கிக் கட்டினால் சரி. விட்டுவிட்டு வேகமெடுக்கும் பயிற்சிக்கு அது பிந்தும். சிலவேளை காலடியின் தாளத்தையே துடிப்பு என்று எண்ணிவிடும். அதற்குப் பட்டிதான்.

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனொலோல், பிசொப்ரொலோல் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கு மேலே உள்ள கணக்கு ஒன்றுமே பொருந்தாது. அந்தக் குளிசைகள் துடிப்பை ஏறவிடாது. அவர்கள் கதைத்துப் பார்க்கும் முறையோடு நிற்பதும், எவ்வளவு தூரம் போகலாம் என்று வைத்தியரிடம் கேட்பதும் நல்லது. நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தால், வாட்ச் என்ன நம்பர் காட்டினாலும், அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.