ஹேவ்லாக்: அதே குடில், ஜூலையிலும் மார்ச்சிலும்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில், விஜயநகர் கடற்கரையை ஒட்டிய சின்ன விடுதி ஒன்றில் அம்மாவும் நானும் இரண்டு தடவை தங்கினோம். 2018-இல் தீவுக்குச் சுவராஜ் துவீப் என்று பெயர் மாறினாலும், படகில் வந்த எல்லோரும் ஹேவ்லாக் என்றே சொன்னார்கள்.

முதல் தடவை ஜூலை. வாடகை பாதி என்பதால் போனோம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. தீவின் பேர்பெற்ற ராதாநகர் கடற்கரையோ மேற்கே பார்த்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினால் காவலர் விசில் ஊதினார். துணி காயவில்லை, மெத்தைகூட ஈரம் கோத்திருந்தது. திரும்பும் நாளில் கடல் சீற்றத்தால் படகு ரத்து. மறுநாள் காலை விமான டிக்கெட் பணம் போனதுதான் மிச்சம். அன்று இரவு விடுதிக்காரர் வாடகை வாங்காமல் தங்கவைத்து, சுடச்சுடச் சோறும் மீன்குழம்பும் போட்டார். அதற்காகத்தான் மறுபடி அங்கேயே போனோம்.

இந்த முறை மார்ச் முதல் வாரம். ராதாநகரில் கடல் குளம்போல் கிடந்தது. ராமேஸ்வரத்தில்கூடக் கரையில் நின்று தலையில் தெளித்துக்கொள்ளும் அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். கால் விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மே முதல் நவம்பர் வரை நம்பிப் போக முடியாது. டிசம்பரிலும் புயல் வரலாம். 2016 டிசம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஹேவ்லாக்கில் மாட்டிக்கொள்ள, கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச்தான். ஏப்ரலில் கடல் நன்றாக இருக்கும், ஆனால் வெயில் வாட்டும்.

அப்புறம், காலண்டரில் அமாவாசை, பௌர்ணமியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் விடுதிக்கு முன்னால் கடல் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமும்தான் தெரியும். செருப்பில்லாமல் நடந்தால் கால் கிழியும். குளிக்க ராதாநகருக்கே போங்கள். மார்ச்சில்கூட ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதனால் விடுதியிலிருந்து மூன்று மணிக்குள் கிளம்புங்கள்.

விடுதியில் வெந்நீரைப் பக்கெட்டில் கேட்டு வாங்க வேண்டும். முன்வரிசைக் குடிலாகக் கேளுங்கள். பின்வரிசையில் ஜெனரேட்டர் சத்தம் தூங்க விடாது.