பினாங்கில் வீடு: தீவா, பெருநிலமா?

மலேசியாவின் பினாங்கில் வீடு தேடினால், தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்துக்கு எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விலை அதைப் பொறுத்தே மாறும்.

தீவின் பரப்பு ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர், நடுவில் மலை. கட்ட இடம் குறைவு. அதனால் ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அடுக்குமாடி வீடுதான். வங்கித் தவணை போக, பராமரிப்புக் கட்டணமும் மாதாமாதம் வரும். இரண்டாவது காரை எங்கே நிறுத்துவது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பெருநிலப் பக்கமான செபராங் பிறை தீவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. தீவில் கொண்டோ வாங்கும் பணத்துக்கு இங்குள்ள புக்கிட் மெர்தாஜாமில் தரைவீடே பார்க்கலாம்: முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் சமையலறையை நீட்டிக் கட்ட, கறிவேப்பிலைச் செடி வைக்கக் கொஞ்சம் மண்.

சரி, வேலை எங்கே? தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை என்றால், பெருநிலத்தில் குடியிருக்கும் உங்கள் நேரத்தை 13.5 கிலோமீட்டர் பாலம் தின்றுவிடும். தீவுக்குப் போகும் திசையில் காருக்கு டோல் உண்டு; மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் இல்லை. பெருநிலத்தின் பட்டர்வொர்த் வரை வரப்போகும் எல்ஆர்டி இலகு ரயிலை நம்பி இன்றே கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கணவன் மனைவியில் ஒருவருக்காவது பெருநிலத்தின் பிறையிலோ பத்து காவானிலோ வேலை என்றால், என் ஓட்டு பெருநிலத்துக்கே. இருவருக்கும் தீவில்தான் வேலை என்றால், முன்பணம் கட்டும் முன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பாலத்தைக் கடந்து பாருங்கள்.