வியாழக்கிழமை காலை 5.30: வான்வழித் தகவல் டிஜிட்டல் ஆனபோது ஒரு டிஸ்பாட்சர் கண்டவை

சென்னையில் ஒரு விமான நிறுவனத்தின் டிஸ்பாட்ச் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி வருகிறேன். ஒரு விமானம் எந்த வழித்தடத்தில், எவ்வளவு எரிபொருளுடன், எந்த மாற்று விமான நிலையத்தை நம்பிப் புறப்பட வேண்டும் என்று கணக்கிட்டு விமானியிடம் ஒப்படைப்பது எங்கள் வேலை. அந்தக் கணக்கு முழுவதும் வான்வழித் தகவல் சேவை தரும் விவரங்களின் மேல்தான் நிற்கிறது. ஓடுபாதையின் நீளம், வழிப்புள்ளியின் அட்சரேகை தீர்க்கரேகை, கட்டுமான கிரேனின் உயரம், இன்றிரவு அணைந்திருக்கும் விளக்குகள் என்று அந்தப் பட்டியல் நீளும். இதே தகவலைக் காகிதமாகவும், பிடிஎஃப் கோப்பாகவும், இணையப் பக்கமாகவும் பயன்படுத்திவிட்டு, இப்போது ஓரளவுக்குக் கணினி நேரடியாகப் படிக்கும் தரவாகவும் பயன்படுத்தி வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்கு உண்மையான நிம்மதியைத் தந்த மாற்றம் ஒன்றுதான். ஓர் எண் அளவையாளரின் கருவியிலிருந்து விமானத்தின் கணினிக்குப் போய்ச் சேரும் வழியில் எத்தனை மனிதர்கள் அதை மறுபடி தட்டச்சு செய்கிறார்கள் என்ற கணக்கு குறைந்திருக்கிறது.

நான் பணியில் சேர்ந்தபோது ஏஐபி என்ற வான்வழித் தகவல் வெளியீடு தடித்த வளையக் கோப்புகளில் அலமாரியில் இருந்தது. பொது விவரங்கள், வழித்தடங்கள், விமான நிலையங்கள் என்று மூன்று பகுதிகள். திருத்தங்கள் உறையில் வரும். பழைய பக்கத்தை உருவிவிட்டுப் புதிய பக்கத்தைச் செருகி, முன்பக்கத்தில் உள்ள திருத்தப் பதிவில் கையெழுத்திட வேண்டும். மாறிய வரிக்கு அருகில் ஓரத்தில் நெடுக ஒரு கறுப்புக் கோடு இருக்கும்; எது மாறியது என்பதற்கு அந்தக் கோடுதான் எங்களுக்கு அடையாளம். செருகி முடித்த பிறகு சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தின் தேதியையும் ஒருவர் வாசிக்க, மற்றவர் புரட்டிப் பார்க்க வேண்டும். இளையவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அலுப்பான வேலைதான் என்றாலும், நாட்டின் வான்வெளி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த மேசையில்தான். இன்று பணியில் சேர்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்தத் திருத்தங்களுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஏராக் என்று அழைக்கப்படும் 28 நாள் சுழற்சி அது. முக்கியமான மாற்றங்கள் நடைமுறைக்கு வரும் நாளுக்குக் குறைந்தது 28 நாட்கள் முன்பே பயன்படுத்துவோர் கையில் இருக்க வேண்டும். அதற்காக 42 நாட்கள் முன்பே அனுப்பப்பட வேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் எப்போதும் வியாழக்கிழமை. நேரம் சர்வதேச நேரப்படி 00.00. இந்தியக் கடிகாரத்தில் அது காலை 5.30. சென்னையிலிருந்து நாலரை மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்கு இறங்கும் விமானம் பழைய சுழற்சியில் புறப்பட்டுப் புதிய சுழற்சியில் தரையிறங்குகிறது. பெரும்பாலான விமானங்களின் கணினியில் இரண்டு சுழற்சிகளின் தரவும் ஏற்றப்பட்டிருக்கும். எதை இயக்குவது என்பதை விமானி தேர்ந்தெடுக்கிறார். எங்கள் திட்டம் ஒரு சுழற்சியிலும் விமானத்தின் கணினி மற்றொன்றிலும் இருந்தால், வழித்தடத்தில் உள்ள ஒரு புள்ளியை அந்தக் கணினி ஏற்க மறுக்கலாம். புதன்கிழமை இரவுப் பணி எங்கள் பிரிவில் தனிக் கவனத்துக்கு உரியதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அலமாரிக் கோப்புகளுக்கு மாற்றாக முதலில் வந்தவை பிடிஎஃப் கோப்புகள். தேடுவது எளிதானது, உறைக்காகக் காத்திருப்பது நின்றது. ஆனால் ஒரு புதிய ஆபத்தும் கூடவே வந்தது. வளையக் கோப்பு ஒன்றுதான் இருந்தது. பிடிஎஃப் ஒவ்வொருவருடைய கணினியிலும் ஒவ்வொரு தேதியில் இருந்தது. அதன் பிறகு வந்த இணைய வடிவ ஏஐபி, அதாவது இ-ஏஐபி, இதைப் பெருமளவு சரிசெய்தது. இந்திய விமான நிலைய ஆணையம் இ-ஏஐபியை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. நடப்பில் இருப்பது எது, அடுத்து வரப்போவது எது என்று தேதி வாரியாகப் பிரித்தும் காட்டுகிறது. அன்றாடப் பயனாளியாகச் சொல்கிறேன்: வேகம், அணுகல், செலவு மூன்றிலும் இதற்கும் பழைய முறைக்கும் ஒப்பீடே கிடையாது.

இருந்தாலும் இ-ஏஐபி என்பது இன்னும் படிப்பதற்கான ஆவணம்தான். அதன் எல்லையை எனக்கு உணர்த்திய சம்பவம் ஒன்று. நாங்கள் பறந்துகொண்டிருந்த ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் ஓடுபாதையின் ஒரு முனையில் தரையிறங்கும் தொடக்கக் கோட்டை உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். ஏஐபியின் விமான நிலையப் பகுதியில் 2.12 என்ற அட்டவணை ஓடுபாதையின் இயற்பியல் விவரங்களைத் தரும், 2.13 என்ற அட்டவணை புறப்படவும் தரையிறங்கவும் பயன்படுத்தத்தக்க நீளங்களைத் தரும், வரைபடம் 2.24இல் தனியாக இருக்கும். அந்தச் சுழற்சியின் திருத்தத்தில் 2.12உம் வரைபடமும் மாறியிருந்தன, 2.13 பழையபடியே இருந்தது. எங்கள் செயல்திறன் கணக்கு எடுத்துக்கொள்வதோ 2.13இன் எண்ணை. ஓடுபாதையில் இல்லாத நீளத்தை நம்பி எடையைக் கணக்கிட்டிருப்போம். ஒரு சக பணியாளர் வரைபடத்தையும் அட்டவணையையும் தற்செயலாக ஒருசேரத் திறந்து வைத்திருந்ததால் வேறுபாடு கண்ணில் பட்டது. கேட்டு எழுதினோம், சில நாட்களில் நோட்டாம் என்ற உடனடி அறிவிப்பின் மூலம் திருத்தினார்கள். அங்கே யாரும் சோம்பேறியாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரே உண்மையை மூன்று கோப்புகளில் மூன்று பேர் தனித்தனியாகப் பராமரித்தால், என்றாவது ஒருநாள் ஒன்று பின்தங்கத்தான் செய்யும்.

தரவுத்தளத்தை மையமாகக் கொண்ட முறை இந்த இடத்தைத்தான் தொடுகிறது. தொடக்கக் கோட்டின் இருப்பிடம் தரவுத்தளத்தில் ஒரே ஒரு முறை, அது யாரிடமிருந்து எப்போது வந்தது என்ற பதிவுடன் சேமிக்கப்படுகிறது. அட்டவணை, வரைபடம், பயனாளிக்கான தரவுத் தொகுதி எல்லாமே அந்த ஒரே மதிப்பிலிருந்து உருவாக்கப்படுகின்றன. இதற்கான பொது மொழியாக ஏஐஎக்ஸ்எம் என்ற தரவுப் பரிமாற்ற மாதிரியை ஐரோப்பாவின் வான்போக்குவரத்து அமைப்பான யூரோகண்ட்ரோலும் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவும் இணைந்து வளர்த்தன. ஐரோப்பிய நாடுகளின் பொதுத் தரவுத்தளம் 2003இலேயே செயல்படத் தொடங்கிவிட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 2009இல் வெளியிட்ட மாற்றத் திட்டம், வான்வழித் தகவல் சேவை வான்வழித் தகவல் மேலாண்மையாக மாறுவதற்கு 21 படிகளை மூன்று கட்டங்களாக வகுத்தது. பிறகு 2018 நவம்பரில் ஐகாவோ விதிகளில் வான்வழித் தகவலுக்கான 15ஆவது இணைப்பு மறுசீரமைக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தபோது, அதனுடன் வந்த நடைமுறை ஆவணம் ஐந்து தரவுத் தொகுதிகளைக் குறிப்பிட்டது: ஏஐபி தரவு, நில அமைப்பு, தடைகள், விமான நிலைய வரைபடத் தரவு, கருவிவழிப் பறப்பு நடைமுறைத் தரவு. காகிதத்தை விவரிக்கும் விதிகளோடு வளர்ந்த எங்களைப் போன்றோருக்கு, தரவை விவரிக்கும் விதிகளைப் படித்தது புதிய அனுபவமாக இருந்தது.

அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது நம்பகத்தன்மையை எண்ணால் சொல்லியிருப்பது. தவறானால் பேராபத்து விளையக்கூடிய தரவுக்கு, வழியில் சிதையும் வாய்ப்பு 10 கோடியில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்ற அளவு வைக்கப்பட்டது. அடுத்த நிலைக்கு லட்சத்தில் ஒன்று, சாதாரணத் தரவுக்கு ஆயிரத்தில் ஒன்று. மனிதர் ஒருவர் தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் எந்த முறையாலும் முதல் அளவை எட்ட முடியாது. ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பாருங்கள். 13 பாகை 00 கலை 45 விகலை என்ற அட்சரேகையை ஒருவர் 13 பாகை 00.45 கலை என்று உள்ளிட்டுவிட்டால் அது 27 விகலையாகிவிடும். ஒரு விகலை ஏறத்தாழ 31 மீட்டர். 18 விகலை வேறுபாடு 550 மீட்டருக்கும் மேல். இரண்டு எண்களும் பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். அதனால்தான் தரவு நகரும் ஒவ்வொரு கட்டத்திலும், அந்தத் தரவிலிருந்தே கணக்கிடப்படும் சரிபார்ப்புத் தொகை என்ற எண் சேர்த்து அனுப்பப்படுகிறது. வழியில் ஓர் எழுத்து மாறினாலும் பெறும் கணினி அதைக் கண்டுபிடித்துவிடும்.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வருகிறது. டிசம்பர் 1 இரவு சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. மூடல் பலமுறை நீட்டிக்கப்பட்டு, ஒவ்வொரு நோட்டாமும் முந்தையதை மாற்றிக்கொண்டே வந்தது. அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து சில பயணிகள் விமானங்களை இயக்க ஏற்பாடானது. நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தாத தளம் என்பதால், அதன் ஓடுபாதை விவரங்கள் எங்கள் மென்பொருளில் இல்லை. கிடைத்த தாள்களைப் பார்த்து நான் ஒவ்வோர் எண்ணாக உள்ளிட, எதிர் மேசையிலிருந்து இன்னொருவர் உரக்க வாசித்துச் சரிபார்த்தார். வெளியே மழை, வீட்டிலிருந்து செய்தி இல்லை, தொலைபேசி அவ்வப்போதுதான் வேலை செய்தது. அந்த நிலையில் ஒரு மனிதர் செய்யக்கூடிய தவறு எவ்வளவு என்பதை அன்று எண்ணிப் பார்த்து அஞ்சினேன். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் சென்னை மீண்டும் மூடப்பட்டபோது, மாற்று நிலையங்களின் தரவு முழுவதும் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டுக் கணினியில் இருந்தது; மூடல் நீட்டிப்பும் பறப்புத் திட்ட மென்பொருளில் தானாகவே வந்து நின்றது. எங்கள் நேரம் பயணிகளையும் விமானங்களையும் எங்கே வைப்பது என்ற முடிவுகளுக்குக் கிடைத்தது.

இன்றும் பின்தங்கியிருப்பது நோட்டாம்தான். அதன் வடிவம் டெலிபிரிண்டர் காலத்தது: ஒரு வரிக்கு 69 எழுத்துகள், எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், சுருக்கங்கள். கணினி வடிகட்டுவதற்கென்று இருப்பது முதல் வரியில் உள்ள ஐந்தெழுத்துக் குறியீடும், ஒரு மையப்புள்ளியும், கடல் மைலில் ஓர் ஆரமும் போன்ற சில விவரங்கள் மட்டுமே. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் ஒவ்வொரு முறையும் இதன் விளைவைப் பார்க்கிறேன். அபாயப் பகுதி வங்கக் கடலில் நீண்டு ஒடுங்கிய பட்டைகளாக இருக்கும். முதல் வரியிலோ அந்தப் பட்டையை முழுவதும் அடக்கும் பெரிய வட்டம் ஒன்றைத்தான் சொல்ல முடியும். வட்டத்தை நம்பும் மென்பொருள், பட்டைக்கு வெகு தொலைவில் பறக்கும் போர்ட் பிளேர் விமானத்துக்கும் அந்த எச்சரிக்கையைச் சேர்த்துவிடும். முன்பு நான் வரைபடத்தில் பென்சிலால் மூலைகளைக் குறித்து, அளவுகோலால் இணைத்துப் பார்ப்பேன். இப்போது எங்கள் மென்பொருள் நோட்டாமின் உரையிலிருந்து ஆயங்களை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களைப் பிரித்தெடுத்துத் திரையில் வரைகிறது. பெரும்பாலும் சரியாக வரைகிறது. எழுதியவர் வழக்கத்துக்கு மாறாக ஓர் இடைவெளி விட்டாலும் தடுமாறுகிறது. டிஜிட்டல் நோட்டாம் என்ற முறையில் பகுதியின் எல்லை தொடக்கத்திலேயே வடிவத் தரவாக வந்துவிடும். ஊகித்துப் பிரிக்க வேண்டிய தேவை இராது. இந்த ஒரு மாற்றம் முழுமையாக வந்தாலே எங்கள் இரவுப் பணியின் சுமை பாதியாகும் என்பது என் மதிப்பீடு.

சுமை என்று நான் சொல்வது வெறும் அலுப்பைப் பற்றியதல்ல. 2017 ஜூலை 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடாவின் 759ஆம் விமானம், இணை ஓடுபாதை மூடப்பட்டிருந்த இரவில், நான்கு விமானங்கள் காத்திருந்த டாக்ஸிவேயை (விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் பாதையை) ஓடுபாதை என்று கருதித் தாழ இறங்கி வந்து, தரையைத் தொடாமல் கடைசி நேரத்தில் மேலே எழும்பியது. மூடலைச் சொல்லும் நோட்டாம் விமானிகளிடம் இருந்த 27 பக்க ஆவணத்தில் 8ஆம் பக்கத்தில் இருந்தது. அந்த விசாரணை முடிவைப் படித்த நாள் முதல், நான் தயாரிக்கும் தொகுப்பில் ஓடுபாதை மூடல்களை முதல் பக்கத்துக்குக் கொண்டுவராமல் கையெழுத்திடுவதில்லை. தரவு ஒழுங்காக வகைப்படுத்தப்பட்டிருந்தால் இதைக் கணினியே செய்யும். இப்போதைக்கு நான் செய்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 11 அன்று அமெரிக்காவின் நோட்டாம் அமைப்பு செயலிழந்து, நாடு முழுவதும் விமானப் புறப்பாடுகள் நிறுத்தப்பட்டன. முதன்மைத் தரவுத்தளத்துக்கும் காப்புத் தரவுத்தளத்துக்கும் இடையிலான ஒத்திசைவைச் சரிசெய்யும்போது ஒப்பந்தப் பணியாளர்கள் தவறுதலாகக் கோப்புகளை அழித்ததே காரணம் என்று எஃப்ஏஏ தெரிவித்தது. காகிதக் கோப்பு எரிந்தால் ஓர் அலுவலகம் முடங்கும். இது ஒரு நாட்டையே முடக்கியது. எங்கள் பிரிவில் அதற்குப் பிறகு நடப்புச் சுழற்சியின் முழுப் பிரதியை இணையத் தொடர்பு தேவைப்படாத ஒரு கணினியில் வைத்து, சுழற்சி எண்ணை அதன் திரையிலேயே பெரிதாக எழுதிவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். தேதி எழுதாத பிரதி, பிரதியே இல்லாததைவிட ஆபத்தானது.

தரவு பிறக்கும் இடம்தான் எனக்கு இன்னும் கவலை தருவது. பரங்கிமலை நகராது, அதை ஒருமுறை துல்லியமாக அளந்தால் போதும். விமானங்கள் ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்து வரும் பாதைக்குக் கீழே எழும் கட்டடங்களும் அவற்றுக்கான கிரேன்களும் மாதந்தோறும் மாறுகின்றன. கட்டுவோர் தரும் உயரம் தரையிலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா என்று தெளிவில்லாமல் வந்தால், அதன் பிறகு எத்தனை சரிபார்ப்புத் தொகைகள் சேர்த்தாலும் அந்தத் தவறு சிதையாமல் பத்திரமாக விமானி வரை போய்ச்சேரும். கட்டுவோர் பெற வேண்டிய உயரத் தடையின்மைச் சான்றுக்கான விண்ணப்பம் இணையவழிக்கு வந்ததும், ஆயங்கள் டபிள்யூஜிஎஸ்-84 என்ற உலகப் பொது முறையில் கேட்கப்படுவதும் நல்ல தொடக்கம். அந்த விண்ணப்பத்தில் உள்ள எண்ணே, மீண்டும் யாரும் தட்டாமல், தடைத் தரவுத் தொகுதிக்குள் செல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

அடுத்த புதன்கிழமை இரவும் எனக்குப் பணி இருக்கிறது. புதிய சுழற்சியில் எங்கள் விமானங்கள் செல்லும் நிலையங்களில் எவற்றின் ஓடுபாதை விவரம் மாறுகிறது என்பதை மென்பொருள் பட்டியலிட்டுத் தரும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் 2.12, 2.13, வரைபடம் மூன்றையும் அருகருகே திறந்து, 5.30க்கு முன் ஒப்பிட்டு முடிப்பேன்.