தேன்குழலுக்குக் கவரா, அட்டைப் பெட்டியா?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து பலகாரம் கூரியரில் அனுப்ப ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் முழுக்க குமிழி குமிழியாக இருக்கும் பபிள் ராப் சுற்றி, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கூரியர் கவரில் போட்டு அனுப்பினேன். இப்போது அட்டைப் பெட்டிதான்.

கவர் மலிவு, எடையே இல்லை, மழைக்கும் அசையாது. அதில் தகராறு இல்லை.

தகராறெல்லாம் பிரித்த பிறகுதான். கவரும் பபிள் ராப்பும் பாலித்தீன். மறுசுழற்சி செய்ய முடியும் என்பார்கள். எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரர் அட்டையை எடை போட்டு எடுப்பார், கவரைத் தராசில்கூட வைக்க மாட்டார். சாக்கு நிறைய அடைத்தாலும் கிலோ தேறாது, முகவரித் தாளும் உரியாது. வெளியே பேப்பர், உள்ளே குமிழி என ஒட்டி வரும் உறை இன்னும் மோசம், எதோடும் சேராது. ஒரு ஐப்பசி மழையில் ஊருணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் அடைத்துக்கொண்டது. கம்பை விட்டு இழுத்தால் சருகோடு வந்தது ஒரு கூரியர் கவர். முகவரி அழிந்துபோய், பார்கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது. நான் அனுப்பியதும் எந்த ஊர் வாய்க்காலில் கிடக்கிறதோ! 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தூக்குப்பைக்குத் தடை. கடைக்கு மஞ்சப்பையோடு போகிறோம். கவரை வாசலுக்கே வரவழைக்கிறோம்.

அட்டையிலும் கணக்கு இருக்கிறது. கூரியரில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தும் எடை போடுவார்கள், நிஜ எடையில் இதில் எது கூடுதலோ அதற்குத்தான் கூலி. 30×25×20 பெட்டியில் ஒன்றரைக் கிலோ மணகோலப் பலகாரம் வைத்தால் 3 கிலோவுக்குக் காசு. பெட்டியைச் சுருக்கினேன், கூலியும் குறைந்தது, இடைவெளிக்குத் திணிக்கும் பேப்பரும் குறைந்தது. பிரவுன் டேப்பும் பிளாஸ்டிக்தான் என்பதால், தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப் வாங்கினேன். மேலே சுமை ஏற்றினாலும் தேன்குழல் தூளாவதில்லை. நமுக்காமலிருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் இன்னும் போகிறது, அதற்கு எனக்கு வழி தெரியவில்லை.

புவிசார் குறியீடு பெற்ற நம் செட்டிநாட்டுக் கொட்டானிலும் (பனை ஓலைக் கூடை) கேட்டவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு அனுப்பியிருக்கிறேன். யாரும் தூக்கிப் போடவில்லை. ஒரு ஆச்சி அதில் வெற்றிலை வைத்திருக்கிறார்களாம். ஆனால் கொட்டானைச் சுற்றியும் ஒரு பெட்டி வேண்டியிருக்கிறதே! அடைமழையில் ஓலை பூஞ்சணம் பிடிக்குமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். வரும் கார்த்திகையில் கோயம்புத்தூர் அத்தை வீட்டுக்கு ஒன்று அனுப்புவதாக இருக்கிறேன்.